பழைய பிரிட்டிஷ் கேக் புத்தகங்களில் ஒரு குறிப்பைத் தேடிப் பிடிப்பது எப்படி: முழு வழிகாட்டி

என் பக்கத்து வீட்டில் எண்பது வயது தாண்டிய ஆங்கிலேயப் பாட்டி ஒருவர் இருக்கிறார். யார்க்ஷயரில் பிறந்து, கல்யாணமாகி இங்கே தெற்கே வந்தவர். போன வருடம் குளிர் தொடங்கும்போது, பழைய பிஸ்கட் டின் ஒன்றிலிருந்து கிழிந்த நோட்டுத் தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். "எங்கம்மா செய்த பார்க்கின் இது, எப்படிச் செய்வதென்று கண்டுபிடித்துத் தர முடியுமா?" பென்சிலில் ஐந்தாறு சொற்கள்தான் இருந்தன. மாவு 10, லார்ட் 4, சர்க்கரை 4, ட்ரீகிள் 8, பால் 1 ஜில், சோடா பாலில். (லார்ட் என்பது பன்றிக் கொழுப்பு, ட்ரீகிள் கெட்டியான கருப்புச் சர்க்கரைப் பாகு, ஜில் பழைய திரவ அளவு; மற்ற எண்கள் அவுன்ஸில்.) கீழே ஓரமாக, "மற்றதெல்லாம் புத்தகத்தில் உள்ளபடி." எந்தப் புத்தகம் என்று எழுதவில்லை. முட்டை உண்டா, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எதுவுமே இல்லை.

அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அதில் முதல் ஒரு மாதம் முழுக்க வீண், ஏனென்றால் நான் "பார்க்கின்" என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினேன். யார்க்ஷயர், லங்காஷயர் பக்கம் நவம்பர் 5 சொக்கப்பனை இரவுக்குச் செய்கிற இஞ்சிக் கேக்தான் பார்க்கின், அதன் உயிரே ஓட்ஸ் மாவுதான். பாட்டியின் தாளில் ஓட்ஸ் இல்லை. அவர் வீட்டில் பார்க்கின் என்று அழைத்தது, புத்தகங்களில் ஜிஞ்சர்பிரெட், அதாவது ஓட்ஸ் இல்லாத இஞ்சிக் கேக், என்ற பெயரில் இருந்தது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேக்கின் பெயரைத் தேடாதீர்கள். அது எந்தக் காலத்தது, எந்த ஊரது என்று தேடுங்கள். இந்த இரண்டும் பிடிபட்டால் புத்தகம் தானாகக் கிட்டே வரும்.

முதலில் ஞாபகத்தை எழுதிக்கொள்ளுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன்னால், அந்தக் கேக்கைச் சாப்பிட்டவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "எப்படி இருக்கும்?" என்று கேட்டால் "அருமையாக இருக்கும்" என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கையும் பாத்திரமும் சம்பந்தப்பட்ட கேள்வியாகக் கேளுங்கள். கொழுப்பைச் சர்க்கரையோடு சேர்த்து மரக்கரண்டியால் அடித்தாரா, அடுப்பில் உருக்கினாரா, மாவில் விரல் நுனியால் பிசிறினாரா? ஏனென்றால் பிரிட்டிஷ் கேக் செய்முறைகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் அடங்கிவிடும். டின் வட்டமா சதுரமா? மாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டாரா, ஊற்றினாரா? அன்றே தின்றார்களா, மூடி வைத்துத் தின்றார்களா?

பாட்டி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: சின்ன வாணலியில் லார்டும் ட்ரீகிளும் சர்க்கரையும் உருகும், அம்மா அதைக் கொதிக்க விடமாட்டார், சோடாவைப் போட்டதும் பால் நுரைக்கும், கலவை ஊற்றுகிற பதத்தில் இருக்கும். "ஊற்றுகிற பதம்" என்ற இந்த ஒரு வார்த்தை கடைசியில் எங்களைக் காப்பாற்றியது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் புத்தகத்தைப் பற்றிக் கேளுங்கள். தடியா ஒல்லியா, தையலா ஸ்டேபிள் பின்னா, படம் உண்டா, விலைக்கு வாங்கியதா இலவசமா? பாட்டிக்கு ஞாபகம் இருந்தது ஒல்லியான புத்தகம், நடுவில் துருப்பிடித்த இரண்டு பின், மளிகைக் கடையிலிருந்து சும்மா வந்தது. அடுப்பில் எண் போட்ட திருகு இருந்தது என்றும் சொன்னார்.

காலத்தைக் கணிப்பது

குறிப்பில் இருக்கிற ஒவ்வொரு சொல்லும் ஒரு தேதி முத்திரை மாதிரி. அடுப்புச் சூட்டைக் கேஸ் மார்க் எண்ணில் சொன்னால் அது 1923க்குப் பிந்தையது, அந்த ஆண்டில்தான் ரெகுலோ என்ற சூடு கட்டுப்படுத்தும் திருகு வந்தது. அதற்கு முன் "மிதமான ஓவன்", "நல்ல சூடான ஓவன்" என்றுதான் எழுதுவார்கள். பேக்கிங் பவுடர் இருந்தால் 1843க்கு முந்தையதாக இருக்காது, பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் அதைச் செய்தது அந்த ஆண்டில். உப்பவைக்கும் பொடி கலந்தே வரும் செல்ஃப் ரெய்சிங் மாவுக்கு பிரிஸ்டலின் ஹென்றி ஜோன்ஸ் காப்புரிமை வாங்கியது 1845ல், ஆனால் வீட்டுக் குறிப்புகளில் அது சர்வசாதாரணமானது இருபதாம் நூற்றாண்டில்தான். மார்ஜரின் என்றால் 1869க்கு முன்னால் இல்லை. "இடித்த சர்க்கரை" என்று எழுதியிருந்தால் விக்டோரியா காலம் அல்லது அதற்கும் முன்பு, அப்போது சர்க்கரை கூம்புக் கட்டியாக வரும், வீட்டில்தான் உடைத்து இடிக்க வேண்டும்.

உலர்ந்த முட்டைப் பொடி என்று பார்த்தால் சந்தேகமே வேண்டாம், போர்க்காலம். பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1940 ஜனவரி 8ல் தொடங்கி 1954 ஜூலை 4 வரை நீடித்தது. அந்தப் பதினான்கு ஆண்டுக் குறிப்புகளைத் தனியாகவே வைத்துப் பார்க்க வேண்டும். பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ் வெண்ணெய், எட்டு அவுன்ஸ் சர்க்கரை, ஒரு முட்டை என்ற நிலையில் எழுதியவை அவை. கேரட்டை இனிப்புக்காகத் துருவிப் போட்டார்கள். 1942ல் வந்த நேஷனல் மாவு தவிடு அதிகம் நீக்காத, சாம்பல் நிற மாவு, தண்ணீர் கூடக் குடிக்கும். 1944ல் எழுதிய குறிப்பை இன்றைய வெள்ளை மாவில் அப்படியே செய்தால் கலவை நீர்த்துப் போகும், குறிப்பு தப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

புத்தகத்தின் வயதுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. அட்டையில் விலை ஷில்லிங், பென்னியில் இருந்தால் 1971 பிப்ரவரி 15க்கு முந்தையது, அன்றுதான் அவர்கள் காசு முறையை மாற்றினார்கள். அவுன்ஸும் கிராமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் எழுபதுகள் அல்லது பிந்தையது. ஐஎஸ்பிஎன் எண் இல்லையென்றால் அறுபதுகளின் கடைசிக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் அந்த எண்ணை வைத்துத் தேடும் தளங்களில் இவை அகப்படாது.

எங்கள் தாளுக்கு வருவோம். எண் போட்ட கேஸ் அடுப்பு, இலவசப் புத்தகம், எட்டு அவுன்ஸ் ட்ரீகிளும் நான்கு அவுன்ஸ் சர்க்கரையும் தாராளமாகப் போடுகிற கை. பங்கீட்டுக் காலத்தில் எழுதியது அல்ல. முப்பதுகள் என்று வைத்துக்கொண்டேன்.

எந்த வகைப் புத்தகம்

பலரும் நேராக மிஸஸ் பீட்டனிடம் போய்விடுகிறார்கள். இசபெல்லா பீட்டனின் வீட்டு நிர்வாகப் புத்தகம் 1861ல் வந்தது, அவர் 1865ல், 28 வயதில் இறந்துவிட்டார். அதற்கடுத்த ஆண்டு உரிமை வார்ட் லாக் என்ற பதிப்பகத்துக்குப் போனது. பிறகு வந்த பதிப்புகளைப் பலர் கை வைத்து மாற்றி, கூட்டி, வெட்டினார்கள். அதனால் "மிஸஸ் பீட்டனில் இருந்தது" என்று யாராவது சொன்னால் எந்த ஆண்டுப் பதிப்பு என்று உடனே கேளுங்கள். 1861ல் விக்டோரியா சாண்ட்விச் என்ற கேக்குக்கு அவர் சொன்ன அளவு நான்கு முட்டை, அந்த முட்டைகளின் எடைக்கு எடை சர்க்கரை, வெண்ணெய், மாவு, ஒரு சிட்டிகை உப்பு, நடுவில் ஜாம். பேக்கிங் பவுடர் கிடையாது, அடித்த காற்றுதான் தூக்க வேண்டும். இதே பெயரில் பின்னாளில் வந்த குறிப்பும் இதுவும் ஒரே கேக் அல்ல.

அதற்கும் முந்தைய வீட்டுச் சமையல் என்றால் 1747ல் வந்த ஹன்னா கிளாஸ், 1769ல் வந்த எலிசபெத் ராஃபால்ட், 1845ல் வந்த எலைசா ஆக்டன் ஆகிய மூவரையும் பாருங்கள். ஆக்டன் 1857ல் ரொட்டிக்கென்றே தனிப் புத்தகம் எழுதினார், ரொட்டி தேடுபவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

ஆனால் உங்கள் பாட்டியோ பக்கத்து வீட்டுப் பாட்டியோ செய்த கேக் பெரும்பாலும் இந்தப் பெரிய புத்தகங்களில் இருக்காது. அது மாவுக் கம்பெனி கொடுத்த இலவசக் கையேட்டிலோ, அடுப்போடு வந்த புத்தகத்திலோ, தேவாலயமோ பெண்கள் சங்கமோ நிதி திரட்ட அச்சடித்த தொகுப்பிலோ இருக்கும். நியூகாசிலில் தாமஸ் பெல் 1875ல் தொடங்கிய பீ-ரோ மாவுக் கம்பெனி 1920களில் கண்காட்சி நடத்தி, சுடச்சுட ஸ்கோனும் கேக்கும் விற்றது. சாப்பிட்டவர்கள் செய்முறை கேட்டார்கள், அதில் பிறந்ததுதான் அவர்களுடைய கையேடு. பதிப்பு பதிப்பாக நாற்பது தாண்டி, கோடிக்கணக்கில் அச்சாகிப் போனது. இங்கிலாந்தின் வடக்கே அது இல்லாத சமையலறை குறைவு. நியூ வேர்ல்டு கேஸ் அடுப்பு செய்த ரேடியேஷன் கம்பெனியின் புத்தகமும் அப்படித்தான் வீடு வீடாகப் போனது. விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற பெண்கள் சங்கம் 1915ல் பிரிட்டனில் தொடங்கிய பிறகு மாவட்டக் கிளைகள் போட்ட தொகுப்புகளும் ஏராளம், அந்தந்த ஊர்க் கேக்கு அங்கேதான் உண்மையாக இருக்கும். என்னைக் கேட்டால் இந்த ஒல்லிப் புத்தகங்களே பிரிட்டிஷ் வீட்டுச் சமையலின் உண்மையான ஆவணம், பெரிய புத்தகங்கள் அலமாரிக்குப் போனவை.

இந்தப் புத்தகங்களும் அளவுகளும் கடல் தாண்டியும் போயின. 1929ல் கொழும்பில் வந்த டெய்லி நியூஸ் குக்கரி புக்கைப் புரட்டினால் இதே அவுன்ஸும் பவுண்டும்தான். யாழ்ப்பாணத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் கேக் குறிப்பு வைத்திருப்பவர்களுக்குக் கீழே வரும் அளவுப் பகுதி அப்படியே உதவும்.

எங்கே தேடுவது

வீட்டிலிருந்தே தொடங்குங்கள். பழைய பெரிய புத்தகங்கள் ப்ராஜெக்ட் குட்டன்பர்க், இன்டர்நெட் ஆர்க்கைவ், கூகுள் புக்ஸ் ஆகியவற்றில் இலவசமாக உண்டு, சிலவற்றுக்குக் கணக்குத் தொடங்கி மணிக்கணக்கில் இரவல் எடுக்க வேண்டியிருக்கும். ஹாத்தி டிரஸ்டில் பல புத்தகங்கள் அமெரிக்காவுக்கு வெளியே முழுதாகத் திறக்காது, ஆனால் எந்தப் பக்கத்தில் அந்தச் சொல் வருகிறது என்று காட்டும், அதுவே பாதி வெற்றி. கையெழுத்துக் குறிப்பேடுகள் வேண்டுமென்றால் லண்டனில் உள்ள வெல்கம் கலெக்ஷன், பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே வீட்டுப் பெண்கள் எழுதியவற்றை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள்.

நூலகங்களில் எனக்குப் பிடித்தது லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சமையல் புத்தகச் சேகரிப்பு. 1939ல் பிளான்ச் லீ கொடுத்த புத்தகங்களில் தொடங்கி, 1962ல் ஜான் பிரஸ்டன் கொடுத்ததும் சேர்ந்து வளர்ந்தது. பிரிட்டிஷ் நூலகத்துக்குப் பதிப்பாளர்கள் சட்டப்படி ஒரு பிரதி கொடுத்தாக வேண்டும். ஆனால் கடையில் சும்மா கொடுத்த கையேடுகள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன என்று நம்பிவிடாதீர்கள். அவற்றுக்கு உள்ளூர் அருங்காட்சியகங்களும் மாவட்ட ஆவணக் காப்பகங்களும்தான் சரியான இடம். ஒரு மின்னஞ்சல் போடுங்கள், "முப்பதுகளின் மாவுக் கம்பெனிக் கையேடு, ஜிஞ்சர்பிரெட், லார்ட்" என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

செய்தித்தாள்களை மறக்க வேண்டாம். பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் கட்டணத் தளம், பிரிட்டனில் பல பொது நூலகங்களின் கணினியில் இலவசமாகப் பார்க்கலாம். வெல்ஷ் நியூஸ்பேப்பர்ஸ் ஆன்லைனில் 1919 வரை இலவசம். ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் இரண்டும் இலவசம்தான். பிரிட்டிஷ் கேக்குக்கு அங்கே ஏன் போக வேண்டும் என்றால், குடியேறிய பெண்கள் ஊர்க் குறிப்புகளைக் கையோடு கொண்டுபோய் அங்கத்திய பத்திரிகைகளுக்கு எழுதினார்கள்.

தேடும் சொல்லை மாற்றுங்கள்

இன்றைய சொல்லை வைத்துப் பழைய புத்தகத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. சோடாவை "கார்பனேட் ஆஃப் சோடா" என்று எழுதினார்கள். நுண்ணிய சர்க்கரையான காஸ்டர் சுகரை இன்று "இ-ஆர்" என்று முடிக்கிறார்கள், அன்று "ஓ-ஆர்". ரெசிபி என்பதற்கே பழைய நூல்களில் "ரெசீட்". 1800க்கு முந்தைய அச்சில் "எஸ்" எழுத்து நீளமாக "எஃப்" மாதிரி இருக்கும், கணினி "சுகர்" என்பதை "ஃபுகர்" என்று படித்து வைத்திருக்கும், நீங்களும் அப்படியே தட்டித் தேடிப் பாருங்கள், வேலை செய்யும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரே வரியில் வரக்கூடிய அபூர்வமான இரண்டு பொருளைச் சேர்த்துத் தேடுவது. "மாவு, சர்க்கரை" என்று தேடினால் கடலில் விழுவீர்கள். நான் லார்ட், ட்ரீகிள், பாலில் கரைத்த சோடா மூன்றையும் சேர்த்ததும் பட்டியல் சட்டென்று சுருங்கியது. கிடைத்த பக்கத்தை எழுத்து வடிவில் நம்பாமல் படத்தைத் திறந்து பாருங்கள், அரை, கால் போன்ற பின்னங்களைக் கணினி அடிக்கடி தப்பாகப் படிக்கும். அரைக் கரண்டி சோடா நான்கு கரண்டியானால் கேக் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

விலைக்கு வாங்குவதென்றால்

ஈபே, ஏப்புக்ஸ், தொண்டு நிறுவனங்களின் பழைய புத்தகக் கடைகள், வீட்டுப் பழைய பொருளைக் காரின் பின்பெட்டியிலிருந்து விற்கும் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தைகள். கையேடுகள் பெரும்பாலும் மலிவு. வாங்குமுன் விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள், பின்பக்கச் சொல்லடைவும் பதிப்பு விவரம் உள்ள பக்கமும். நான் ஒரு முறை கேட்காமல் வாங்கி, முப்பதுகள் என்று போட்டிருந்தது அறுபதுகளின் பதிப்பாக வந்து சேர்ந்தது. கறை படிந்த பிரதியை ஒதுக்காதீர்கள். வெண்ணெய்க் கறை படிந்த பக்கம்தான் அந்த வீட்டில் திரும்பத் திரும்பச் செய்த பக்கம், ஓரத்தில் பென்சில் திருத்தமும் அங்கேதான் இருக்கும்.

அளவுகளை மாற்றுவது

ஒரு அவுன்ஸ் 28.35 கிராம், ஒரு பவுண்ட் 454 கிராம். எழுபதுகளின் புத்தகங்கள் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அவுன்ஸுக்கு 25 கிராம் வைத்தன, எனவே ஒரே குறிப்பில் பாதி அவுன்ஸும் பாதி கிராமும் கலக்கக் கூடாது. பிரிட்டிஷ் பைண்ட் 20 திரவ அவுன்ஸ், அதாவது 568 மில்லி, அமெரிக்கப் பைண்ட் 473 மில்லிதான். பிரிட்டனில் பெரிய பைண்ட் வந்தது 1824 சட்டத்தில், அதற்கு முந்தைய புத்தகமென்றால் சின்னப் பைண்டாக இருக்கலாம். பிரேக்ஃபாஸ்ட் கப் அரைப் பைண்ட், டீ கப் கால் பைண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். கேஸ் மார்க் 1 என்றால் 275 பாரன்ஹீட், ஒவ்வொரு எண்ணுக்கும் 25 கூட்டிக்கொண்டே போங்கள், மார்க் 4 வரும்போது 350, அதாவது 180 செல்சியஸ். விசிறி ஓவன் என்றால் 20 டிகிரி குறையுங்கள். முட்டையை எண்ணிக்கையில் நம்பாமல் எடை போட்டுப் பார்ப்பது நல்லது, மிஸஸ் பீட்டன் அதனால்தான் முட்டையின் எடையையே அளவுகோலாக வைத்தார்.

ஜில் என்பதில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். அச்சுப் புத்தகங்களில் ஒரு ஜில் கால் பைண்ட், 142 மில்லி. மூன்றாவது மாதம் வட இங்கிலாந்து மாவுக் கையேடு ஒன்றில் எங்கள் தாளோடு பொருந்துகிற குறிப்பு கிடைத்தது. 10 அவுன்ஸ் மாவு, 4 லார்ட், 4 சர்க்கரை, 8 ட்ரீகிள், ஒரு முட்டை, இரண்டு தேக்கரண்டி சுக்குத்தூள், ஒரு தேக்கரண்டி சோடா, மார்க் 3ல் ஏறத்தாழ ஒரு மணி நேரம். எல்லாம் சரி, பால் மட்டும் அரைப் பைண்ட் என்று இருந்தது. தாளில் ஒரு ஜில். அப்படியானால் வேறு புத்தகமோ என்று மறுபடி தேடத் தொடங்கிவிட்டேன்.

செய்து பார்ப்பதும் தேடலில் சேர்த்திதான்

தேட அலுத்துப்போய்த் தாளில் உள்ளபடி 142 மில்லி பால் ஊற்றிச் செய்தேன். கலவை கெட்டியாக, கரண்டியில் ஒட்டிக்கொண்டு நின்றது. வெந்த பிறகு உதிர்ந்தது. பாட்டி ஒரு வாய் தின்றுவிட்டு, "அம்மாவுடையது ஊற்றுகிற பதம்" என்று மறுபடியும் சொன்னார். அப்போதுதான் அவரிடம் கேட்கத் தோன்றியது, உங்கள் வீட்டில் ஜில் என்றால் எவ்வளவு? அவர் யோசிக்கவே இல்லை. "அரைப் பைண்ட். அப்பா மதுக்கடையில் ஒரு ஜில் கேட்டால் அதுதானே தருவார்கள்." இங்கிலாந்தின் வடக்கே பேச்சு வழக்கில் ஜில் என்பது அரைப் பைண்ட். புத்தகத்தில் இருந்த அரைப் பைண்டை அந்த அம்மா தன் ஊர்ச் சொல்லில் ஒரு ஜில் என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஆகவே நீங்களும் கண்டுபிடித்த குறிப்பைச் செய்து பார்க்காமல் முடிந்தது என்று வைத்துவிடாதீர்கள். முதல் முறை எதையும் மாற்றாமல், நெய் குறைப்பது சர்க்கரை குறைப்பது ஒன்றும் வேண்டாம், உள்ளதை உள்ளபடி செய்யுங்கள். மாற்றுவதென்றால் ஒரு தடவைக்கு ஒன்றுதான். டின் அளவு குறிப்பில் இல்லையென்றால் பாதி உயரத்துக்கு மேல் கலவை வராத டின்னாக எடுங்கள். கடைசியில் சுத்தமாக எழுதி வைக்கும்போது புத்தகத்தின் பெயர், பதிப்பு, பக்கம், நீங்கள் மாற்றியது என்ன, ஊர்ச் சொல் ஏதாவது இருந்தால் அதன் அளவு, எல்லாம் சேர்த்து எழுதுங்கள். பழைய புத்தகத்தின் வார்த்தைகளை அப்படியே எங்காவது போடுவதாக இருந்தால், பிரிட்டனில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை உண்டு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை 284 மில்லி பாலில் செய்தேன். சோடா போட்டதும் பால் நுரைத்தது, கலவை டின்னில் தானாகப் பரவியது. வெந்ததும் ஆறவிட்டு, தாளில் சுற்றி டின்னுக்குள் மூன்று நாள் வைத்தோம், மேல்பக்கம் விரலில் ஒட்டுகிற மாதிரி ஈரம் ஏறும்வரை. நாலாம் நாள் பாட்டி கத்தியை எடுத்து, தன் அம்மா வெட்டுகிற அளவு என்று சொல்லி, மிகச் சின்னச் சதுரங்களாக வெட்டினார். டின்னில் எத்தனை துண்டு வரும் என்று அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. அதையும் அந்தத் தாளின் பின்பக்கம் எழுதிவிட்டேன், இருபத்து நான்கு.